கடைசிப் பந்தி

குழந்தை என்பது இறைவன் ஒரு குடும்பத்தை நம்பி ஒப்படைக்கும் செல்வம் என்று நம் திருச்சபை நமக்குக் கற்பித்துள்ளது. அச்செல்வம் முகத்தில் ஒரு வேறுபாட்டோடு வந்து பிறக்குமாயின், பெற்றோர் உள்ளத்தில் இரு கேள்விகள் எழுகின்றன. இம்முகத்தை இறைவன் தந்த வண்ணமே ஏற்றுக்கொள்வதா? அன்றி, மருத்துவர் கையில் கொடுத்துச் சீர்செய்வதா? ஏற்றுக்கொள்வதே விசுவாசம், சீர்செய்ய நினைப்பது நம்பிக்கைக் குறைவு என்று சிலர் கூறுவர். வேறு சிலரோ, முகம் திருந்தினாலன்றிப் பிள்ளைக்கு வாழ்வில்லை என்று பதறுவர். பதினெட்டு ஆண்டுகள் இவ்விரு கேள்விகளோடும் வாழ்ந்த பெற்றோர் நாங்கள். எங்கள் மகளின் மேல்தாடையில் 2023-ஆம் ஆண்டு நடைபெற்ற அறுவை சிகிச்சையைப் பற்றி, அவளுடைய இசைவைப் பெற்றே, நம் குடும்பங்களுக்கு இதனை எழுதுகின்றோம்.

அவள் 2005-ஆம் ஆண்டில் பிறந்தாள். மேலுதடு ஒரு பக்கம் பிளந்திருந்தது. அப்பிளவு ஈறு வழியாகச் சென்று அண்ணம் முழுவதும் பரவியிருந்தது. ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்று என்னும் அளவில் இவ்வகைப் பிளவுகள் உலகெங்கும் காணப்படுகின்றன என்று மருத்துவர் சொன்னார். அன்று அந்தக் கணக்கு எங்களுக்கு ஆறுதலாயிருக்கவில்லை. பிள்ளை பால் குடிக்க வேண்டும் என்பது ஒன்றே எங்கள் கவலையாயிருந்தது. அண்ணம் மூடியிராத குழந்தையால் உறிஞ்சிக் குடிக்க இயலாது. ஆகவே தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து, குழந்தையின் தலையை உயர்த்திப் பிடித்து, சங்கினால் சிறிது சிறிதாகப் புகட்டினோம். ஒரு வேளைப் பால் முடிவதற்குள் ஒரு மணி நேரம் கடந்துவிடும். நள்ளிரவிலும் இதே பணிதான்.

பார்க்க வந்தவர்களுள் ஒருவர், "கிரகணத்தன்று வெளியே வந்தாளோ, அரிவாள்மனையைத் தொட்டாளோ?" என்று கேட்டார். இன்னொருவர் முன்னோர் செய்த பாவத்தை நினைவூட்டினார். மேலுதடும் அண்ணமும் கருவில் உருவாகி இணைவது முதல் மூன்று மாதங்களுக்குள்; உதடு இணையும் வேளையில் தான் கருவுற்றிருப்பதையே அறியாத தாய்மார் பலர் உண்டு. மரபும் சூழலும் கலந்த பல காரணங்களால் அவ்விணைப்பு நின்றுபோகிறது. இதில் கிரகணத்திற்கு யாதொரு பங்கும் இல்லை. பாவத்தைப் பற்றியோ நாங்கள் விவாதிக்க வேண்டியதே இல்லை. பிறவியிலேயே பார்வையற்றிருந்த மனிதனைக் காட்டிச் சீடர்கள் இதே வினாவை எழுப்பியபோது, அவன் மீதும் அவனுடைய பெற்றோர் மீதும் பழி சுமத்த ஆண்டவர் மறுத்துவிட்டார் என்பதை யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் நமக்கு அறிவிக்கின்றது. அதுவே எங்களுக்குப் போதுமானதாயிருந்தது.

அவளுடைய ஞானஸ்நானத்தின்போது, நம் ஆண்டவர் செவிடனைக் குணமாக்கிய செயலை நினைவுகூரும் சடங்கின்படி, குருவானவர் அவளுடைய செவிகளையும் வாயையும் தொட்டுச் செபித்தார். பிளந்திருந்த அந்தச் சிற்றுதட்டின்மேல் குருவின் விரல் சற்றும் தயங்கவில்லை. கோயிலில் கூடியிருந்தோர் அனைவரும் அதனைக் கண்டனர். அந்நாளுக்குப் பின் எங்கள் பங்கில் கிரகணப் பேச்சு குறைந்தது.

நான்காம் மாதத்தில் உதட்டைத் தைத்தார்கள். ஒரு வயது நிறைந்தபோது அண்ணத்தை மூடினார்கள். பிள்ளை பேசத் தொடங்கியபோதுதான், வேறொரு நீண்ட பாதை முன்னே கிடப்பது தெரிந்தது. "ப" என்னும் எழுத்தை ஒலிக்க வேண்டுமானால் வாய்க்குள் காற்று நிறைந்து நிற்க வேண்டும். அண்ணத்தின் பின்பகுதி மேலெழுந்து மூக்கின் வழியை அடைக்காவிடில், காற்று மூக்கால் கசிந்துவிடும். அப்போது "ப" என்பது "ம" என்றே வெளிப்படும். எனவே அவள் எங்கள் இருவரையும் "அம்மா" என்றே அழைத்தாள். உற்றார் சிரித்தனர், நாங்களும் உடன் சிரித்தோம். பேச்சுப் பயிற்சி அளித்த ஆசிரியை அவள் மூக்கின்கீழ் ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு "பாப்பா", "பட்டு" என்று சொல்லச் செய்வார். கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று கசிகின்றது என்று பொருள். நாள்தோறும் செபமாலைக்கு முன்னர் அரை மணி நேரம் வீட்டில் இப்பயிற்சி நடந்தது. அவளுக்கு ஐந்து வயது நிரம்பும் முன், ஒரு மாலை, கண்ணாடியில் ஆவி படியாமல் "அப்பா" என்றாள். எங்களுள் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் யார் என்று வாசகர்கள் எளிதில் ஊகிக்கலாம்.

2015-இல், பத்தாம் வயதில், இடுப்பெலும்பிலிருந்து சிறிது எலும்பை எடுத்து ஈற்றுப் பிளவில் வைத்தார்கள். கோரைப்பல் அவ்வழியே முளைத்து வர எலும்பு வேண்டும் என்பதால், அப்பல் இறங்குவதற்கு முன் இச்சிகிச்சையைச் செய்வது வழக்கம். அவள் குரல் அதற்குள் தெளிந்துவிட்டது. பதின்மூன்றாம் வயதில் ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிக்கத் தொடங்கினாள். பேச்சுப் பயிற்சியில் ஒவ்வோர் எழுத்தையும் உழைத்துப் பெற்றவள் ஆகையால், அவள் வாசிப்பில் ஓர் எழுத்தும் விழுங்கப்படுவதில்லை. காது மந்தமான முதியோர், "அந்தப் பிள்ளை வாசித்தால் எங்களுக்குப் புரிகின்றது" என்பார்கள்.

இதற்கிடையே, அவள் வளர வளர மேல்தாடை மட்டும் பின்தங்கி நின்றது. கீழ்த்தாடை இயல்பாக முன்னே வளர்ந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னே வந்துவிட்டன. இதற்குக் காரணம் கேட்டபோது மருத்துவர் கூறிய விளக்கம் எங்களை வியப்பில் ஆழ்த்தியது. பிளவோடு பிறப்பவருடைய மேல்தாடைக்கு வளரும் ஆற்றல் இல்லாமலில்லை. சிறுவயதில் அறுவை செய்த இடத்தில் உண்டாகும் தழும்பு, அவ்வளர்ச்சியை இழுத்துப் பிடிக்கின்றது. இலங்கையில், அறுவை ஏதும் செய்யப்படாமலே பெரியவர்களான பிளவு நோயாளிகளை ஆராய்ந்து, அவர்களுடைய மேல்தாடை ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்திருப்பதை மைக்கேல் மார்ஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் தம் உடனாய்வாளருடன் 1990-இல் வெளியிட்டார். அப்படியானால் அண்ணத்தைத் தைக்காமலே விட்டிருக்கலாமா? முடியாது. தைக்காவிடில் பேச்சு வாராது. குரலைத் தந்த அதே தையலே தாடையைக் குறுக்கியது. இரண்டையும் ஒருசேரத் தரும் வழி மருத்துவத்திற்கு இன்னும் முழுமையாகக் கைவரவில்லை. பிளவோடு பிறந்த எல்லாருக்கும் இந்நிலை வருவதில்லை. ஒரு பகுதியினருக்கே வருகின்றது. எங்கள் மகள் அப்பகுதியில் இருந்தாள்.

அவளால் முன்பற்களால் எதையும் கடிக்க முடியாது. கொய்யாக்காயோ, முறுக்கோ, எதுவானாலும் கையால் துண்டித்துக் கடைவாயில் வைத்து மெல்வாள். மெல்லும்போது தாடை ஒருபுறமாக இழுக்கும். சோறு சிலபோது உதட்டோரம் வழியும். இதனால் அவள் ஒரு வழக்கத்தை மேற்கொண்டாள். பங்குத் திருவிழா விருந்திலும், உறவினர் திருமணங்களிலும் கடைசிப் பந்தியிலேயே அமர்வாள். முந்திய பந்திகளில் பரிமாறுவாள், தண்ணீர் ஊற்றுவாள், இலை எடுப்பாள். எல்லாரும் உண்டு போன பிறகு, கூடத்தின் ஓரத்தில் தனியே உண்பாள். "எவ்வளவு பணிவான பிள்ளை!" என்று கண்டோர் புகழ்ந்தனர். அது பணிவு மட்டுமன்று என்பது பெற்றோராகிய எங்களுக்குத் தெரியும். பிறர் பார்வையில் உண்ண அவள் கூசினாள்.

பதினாறாம் வயதில் மருத்துவர் தாடை அறுவையைப் பற்றிப் பேசினார். வளர்ச்சி முடிந்த பிறகே அதனைச் செய்வார்கள். வாய்க்குள்ளேயே, மேல் ஈற்றிற்கு மேலே கீறி, பல் வேர்களுக்கு மேலாக எலும்பைக் குறுக்கே அறுத்து, மேல்தாடையை முழுவதுமாகத் தளர்த்தி முன்னே நகர்த்தி, டைட்டானியம் என்னும் உலோகத்தாலான சிறு தகடுகளாலும் திருகுகளாலும் பொருத்திவிடுவார்கள். முகத்தின் வெளியே தழும்பு இராது. அந்த அறுவைக்கு லெ ஃபோர்ட் என்னும் பிரெஞ்சு மருத்துவரின் பெயர் வழங்குகின்றது. அடிபட்ட முகத்தின் எலும்புகள் எந்தெந்தக் கோடுகளில் உடைகின்றன என்பதை ஆராய்ந்து 1901-இல் அவர் எழுதினார். எலும்பு உடையும் அக்கோடுகளுள் ஒன்றையே பிற்காலத்து மருத்துவர்கள் முகத்தைச் சீர்செய்யும் வழியாகக் கொண்டனர். சூரிச் நகரில் பணியாற்றிய ஹூகோ ஒப்வேகேசர் போன்றோர் 1960-களில் இம்முறையைச் செம்மைப்படுத்தினர்.

இவற்றையெல்லாம் விளக்கிய பின், மருத்துவர் ஓர் எச்சரிக்கையும் தந்தார். "மென்மையான பின்அண்ணம் மேல்தாடையோடு சேர்ந்து தொங்குகிறது. தாடையை முன்னே கொண்டுவந்தால் அதுவும் முன்னே இழுபடும். தொண்டையின் பின்சுவரை அது எட்ட முடியாமற்போனால், காற்று மறுபடியும் மூக்கால் கசியலாம். பேச்சில் மூக்கொலி திரும்பலாம். பிளவு இல்லாதவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. உங்கள் மகளுக்கு உண்டு" என்றார். மூக்கின் வழியே மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்தி, பேசும்போது அண்ணம் எழுவதைக் கண்டார்கள். "இப்போது மூடுகிறது, ஆனால் எட்டியும் எட்டாமலும் மூடுகிறது" என்பதே அவர்கள் முடிவு.

அன்று முதல் எங்கள் வீட்டில் அமைதி குலைந்தது. எங்களுள் ஒருவர், "ஐந்தாண்டு உழைத்துப் பெற்ற குரலைப் பணயம் வைப்பதா? இந்தத் தாடையோடு அவள் வாழவில்லையா?" என்றார். மற்றவர், "வாழ்நாள் முழுவதும் அவள் ஒளிந்து உண்ண வேண்டுமா?" என்றார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆகவே விவாதம் முடியவில்லை. மகள் இரண்டையும் கேட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாதிருந்தாள்.

பங்குத் தந்தையிடம் சென்றோம். "இறைவன் தந்த முகத்தை மாற்றுவது தகுமா, சுவாமி?" என்று கேட்டோம். அவர் இரு செய்திகளைச் சொன்னார். பரிசுத்த தந்தை பன்னிரண்டாம் பயஸ், 1958-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், தாம் இறைவனடி சேர்வதற்கு ஐந்து நாட்களுக்கு முன், இத்தாலியப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களின் மாநாட்டினருக்கு உரையாற்றினார். உடலின் அழகும் ஒரு நன்மையே, எனினும் அதனினும் உயர்ந்த நன்மைகளுக்கு அது கீழ்ப்பட்டது. இத்தகைய அறுவை தன்னளவில் தீதன்று, அதனை நாடுவோரின் நோக்கத்தையும் சூழலையும் கொண்டே அது நன்றோ தீதோ ஆகும் என்பது அவர் போதனையின் கருத்து.

அடுத்து, காஸ்தெல்லோ நகர்ப் புனித மார்கரெத்தைப் பற்றிக் கூறினார். 1287-இல் இத்தாலியில் உயர்குடியில் பிறந்த அவர் பார்வையற்றவர், கூன் விழுந்தவர், கால் ஊனமுற்றவர். பெற்றோர் அவரை ஊரார் கண்ணில் படாதவாறு அடைத்து வைத்தனர். பின்னர் ஓர் ஊரில் கைவிட்டுச் சென்றனர். அவ்வூரின் எளிய மக்களே அவரைத் தங்கள் வீடுகளில் ஏற்றுப் பேணினர். 1320-இல் இறந்த அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் புனிதர் பட்டியலில் சேர்த்தார். "புனிதராவதற்கு எந்த அறுவையும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஆகவே உங்கள் மகளுக்கும் அறுவை கட்டாயமன்று. ஆனால் அது பாவமும் அன்று. நீங்கள் இருவரும் வாதாடியது போதும்; அவளைக் கேளுங்கள்" என்றார் தந்தை.

கேட்டோம். அவள் உடனே விடை தரவில்லை. ஒரு வாரம் சென்ற பின் சொன்னாள். "அழகாக வேண்டும் என்பதற்காக என்றால் எனக்கு வேண்டாம். கண்ணாடியில் இந்த முகம் எனக்குப் பழகிவிட்டது. ஆனால் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசையாயிருக்கிறது. குரல் கெட்டுப்போனால் மறுபடியும் பழகிக்கொள்கிறேன். ஒரு முறை பழகியவள்தானே நான்?" இதற்கு மேல் எங்கள் இருவருக்கும் பேச்சில்லை.

பற்களில் கிளிப்புப் பொருத்தி, ஒன்றரை ஆண்டுக் காலம் அவற்றை நேராக்கினார்கள். தாடைகளின் இடைவெளியை மறைக்கும் வகையில் பற்கள் தாமே சாய்ந்து வளர்ந்திருந்தன. அவற்றை நிமிர்த்தியதும் உண்மையான இடைவெளி வெளிப்பட்டது. ஆகவே அறுவைக்கு முந்திய அந்நாட்களில் முகம் முன்னிலும் மாறுபட்டுத் தோன்றியது. இவ்வழியில் செல்லும் பெற்றோர் இதனை முன்னரே அறிந்திருத்தல் நன்று. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்தபின், 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில், சென்னையிலுள்ள ஒரு மருத்துவமனையில் அறுவை நடைபெற்றது. பதினெட்டு வயது நிறைந்தவள் ஆதலால் இசைவுத்தாளில் அவளே கையொப்பமிட்டாள். நான்கு மணி நேரத்திற்குப் பின் மேல்தாடை 8 மில்லிமீட்டர் முன்னே வந்துவிட்டது. ஒரு நெல்மணியின் நீளம்தான் அது!

மூன்றாம் நாள் வரை வீக்கம் ஏறிக்கொண்டே போயிற்று. கண்கள் இடுங்கின. மேலுதடும் கன்னங்களும் மரத்துப் போயின. தண்ணீர் வழிந்தாலும் அவளுக்குத் தெரியாது. முற்காலத்தில் இரு தாடைகளையும் வாரக்கணக்கில் கம்பியால் கட்டிவிடுவார்களாம். தகடுகள் வந்தபின் பெரும்பாலும் அந்தத் துன்பம் இல்லை. சிறு ரப்பர் வளையங்களே போதும். எனினும் பல வாரங்களுக்குக் கஞ்சித்தண்ணீர், பருப்புத் தண்ணீர், ராகிக் கூழ், பழச்சாறு ஆகியவையே உணவு. அவள் ஐந்து கிலோ இளைத்தாள். ஆச்சி அவளைப் பார்த்துவிட்டு, "என் பேத்தியின் முகம் எங்கே?" என்று அழுதார்கள். அந்த அழுகை அவளுக்கு இதமாயிருந்ததாகப் பின்னர் சொன்னாள். பழைய முகத்தை இழந்ததற்காக வருந்தவும் ஒருவர் இருந்தார் அல்லவா?

மருத்துவர் அஞ்சிய குறையும் வந்தது. வீக்கம் வடிந்து பேசத் தொடங்கியபோது "ப", "ட", "க" யாவும் மூக்கில் கசிந்தன. முதல் மூன்று மாதங்கள் எங்களுக்கு மிகக் கடினமான காலம். அவளோ பெட்டியின் அடியிலிருந்து அந்தப் பழைய சிறு கண்ணாடியைத் தேடி எடுத்து, மூக்கின்கீழ் வைத்துக்கொண்டு, "பாப்பா, பட்டு" என்று தொடங்கினாள். ஆறு மாதங்களில் பெரும்பகுதி திரும்பியது. முழுவதும் திரும்பவில்லை. சளி பிடித்த நாளில் பேசுவது போன்ற ஒரு சாயல் இன்றும் உண்டு. கூர்ந்து கேட்போர் அறிவர். அதனைக் குறைக்க இன்னோர் அறுவை உண்டு என்று மருத்துவர் கூறினார். இப்போதைக்கு வேண்டாம் என்பது அவள் முடிவு. 2024-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் மீண்டும் வாசக மேடையில் நின்றாள். அவ்வாண்டுத் திருவிழா விருந்தில் முதற் பந்தியில் தோழியரோடு அமர்ந்து, அப்பளத்தை முன்பற்களால் கடித்து உண்டாள். யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவள் விரும்பியதும் அதுவே.

இனி, நம் பங்குக் குடும்பங்களுக்கு ஒரு சில சொற்கள். இவ்வாறு பிறந்த குழந்தை உங்கள் வீட்டிலோ அண்டையிலோ இருந்தால், மறைத்து வைக்காதீர்கள். 2013-இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய பால் சுவாஸ்திய காரியக்ரம் என்னும் அரசுத் திட்டம், பிறப்பு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் கண்டறிய வேண்டியவற்றுள் உதட்டுப் பிளவையும் அண்ணப் பிளவையும் சேர்த்துள்ளது; அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 1999-இல் நிறுவப்பட்ட ஸ்மைல் டிரெயின் என்னும் அறநிறுவனத்தின் உதவியால், நம் நாட்டின் பல மருத்துவமனைகளில் பிளவு அறுவைகள் கட்டணமின்றி நடைபெறுகின்றன. உதட்டைத் தைத்ததும் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடாமல், பேச்சு, செவி, பல், தாடை ஆகிய யாவற்றையும் வளர்ந்து முடியும் வரை கவனியுங்கள். அண்ணப் பிளவுள்ள பிள்ளைகளுக்கு நடுச்செவியில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறைவதுண்டு. பலர் இதனை அறியார்.

தாடை அறுவை என்று வரும்போது, அதனால் குரலுக்கு என்ன ஆகும் என்று முன்னரே கேளுங்கள். முடிவைப் பிள்ளையின் கையில் விடுங்கள். அவசரம் ஏதுமில்லை, வேண்டாம் என்றால் அதுவும் ஒரு நல்ல முடிவே.

அறுவை முடிந்து வந்தவளைக் கண்ட நல்லோர் சிலர், "இப்போதுதான் முகம் லட்சணமாயிருக்கிறது" என்றனர். அன்பினால் சொன்னார்கள். ஆயினும் அச்சொல் கேட்டு அவள் முகம் வாடியது. முன்பிருந்த பதினெட்டு ஆண்டு முகத்தை அது தள்ளிவிடுகிறதன்றோ? "வலி குறைந்ததா? நன்றாக உண்கிறாயா?" என்று கேட்டாலே போதும். பந்தியில் தயங்கி நிற்கும் பிள்ளையைக் கண்டால், ஒன்றும் கேளாமல் உங்கள் அருகில் இடம் விட்டு அமரச் செய்யுங்கள். அதற்கு அறுவை எதுவும் தேவையில்லை. இத்தனை ஆண்டுகளும் எந்தப் பந்தியிலும் யாரும் செய்திருக்கக்கூடிய செயலே அது.

தம் திருவிருந்துக்கு எல்லாரையும் அழைக்கும் ஆண்டவர், முகத்தில் வேறுபாட்டோடு பிறந்த எல்லாக் குழந்தைகளையும், அவர்களைச் சுமக்கும் பெற்றோரையும், அவர்களுக்காக உழைக்கும் மருத்துவர்களையும், பேச்சுப் பயிற்சி அளிப்போரையும் ஆசீர்வதிப்பாராக.